ஏறும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனால்?

கேட்டவர் குளச்சல்காரர். இரண்டு அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய வள்ளம் வைத்திருக்கிறார். மகள் நர்சிங் முடித்துவிட்டு அடுத்த வாரம் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். திருவனந்தபுரத்தில் இருந்து முதல் விமானப் பயணம். வீட்டில் யாரோ அகமதாபாத் விபத்து வீடியோவைப் போனில் ஓட்டிக் காட்டியதில் பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, மேல ஏறும்போ ஒரு எஞ்சின் நின்னுச்சுன்னா பிளேன் விழுந்துருமா? நம்ம வள்ளத்துல ஒண்ணு நின்னா மத்தத வச்சு கரை பிடிச்சிரலாம். ஆகாசத்துல என்ன செய்வாவ?"

அண்ணே, விமானத்தைக் கழற்றி மாட்டும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவன் நான். ஓட்டுகிறவன் இல்லை, பழுது பார்த்தவன். அந்தப் பக்கத்தில் இருந்துதான் சொல்ல முடியும். ஒரு எஞ்சின் நின்றால் விமானம் விழாது. மற்றதை வைத்து ஏறி, சுற்றி வந்து இறங்கும். ஆகாசத்திலும் உங்கள் வள்ளத்துக் கணக்கேதான். ஆனால் ஏறும்போது எஞ்சின் நின்று விழுந்த விமானங்களும் உண்டு. அவை ஏன் விழுந்தன என்று பார்த்தால், எஞ்சின் நின்றது பாதிக் கதைதான்.

முதலில் வள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஓடும்போது வலப்பக்க எஞ்சின் நின்றால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, எந்தப் பக்கம் திரும்பும்? வலப்பக்கம். இடப்பக்க எஞ்சின் மட்டும் தள்ளுவதால் அப்படி. நீங்கள் உடனே எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து நேராக்குவீர்கள். விமானத்தில் அதே வேலையை வாலில் நிற்கும் சுக்கான் செய்கிறது. அதைத் திருப்ப விமானியின் காலடியில் இரண்டு பெடல். வலது எஞ்சின் நின்றால் இடது காலை அழுத்த வேண்டும். அப்போது வலது கால் சும்மா கிடக்கும். எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது என்று பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

வள்ளத்துக்கும் விமானத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம், வள்ளம் நின்றாலும் மிதக்கும் என்பது. விமானத்துக்கு வேகம்தான் தண்ணீர். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அன்றைய எடை, வெயில், காற்று, ரன்வே நீளம் எல்லாவற்றையும் போட்டு மூன்று வேகங்களைக் கணக்கிட்டு வைப்பார்கள். முதலாவதற்கு வி-ஒன் என்று பெயர். ரன்வேயில் ஓடும்போது அந்த வேகத்துக்கு முன்னால் எஞ்சின் நின்றால் பிரேக் பிடித்து நிறுத்திவிடலாம், மீதி ரன்வே போதும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்தக் கூடாது. ஒரு எஞ்சினோடேயே கிளம்பியாக வேண்டும். வி-ஒன் என்ற குரல் கேட்டதும் கேப்டன் திராட்டிலில் இருந்து, அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியில் இருந்து, கையை எடுத்துவிடுவார். தப்பித் தவறி நிறுத்தும் ஆசை கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த வழக்கம் அது.

மற்ற இரண்டில் ஒன்று மூக்கைத் தூக்கும் வேகம், இன்னொன்று வி-டூ. ஒரு எஞ்சினோடு பத்திரமாக ஏறுவதற்கான வேகம் அது. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்று, சக்கரமும் உள்ளே போன பிறகு, 100 மீட்டர் முன்னே போனால் குறைந்தது 2.4 மீட்டராவது மேலே ஏறிக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத விமானத்துக்கு விற்கவே அனுமதி கிடையாது. அன்றைய எடையில், அன்றைய வெயிலில் அது முடியாது என்று கணக்கு சொன்னால் சரக்கை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். விமானிகள் இந்த வி-ஒன் நேரத்து எஞ்சின் கோளாறை சிமுலேட்டரில் வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்து காட்ட வேண்டும். நமக்கு வாழ்நாளில் நடக்காத விஷயம் அவர்களுக்கு வருடா வருடம் வரும் பரீட்சை.

நின்றதும் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். 400 அடி ஏறும் வரை ஒன்றும் செய்ய மாட்டார்கள்! நேராகப் பிடித்து, சக்கரத்தை உள்ளே இழுத்து, ஏறிக்கொண்டே இருப்பார்கள். மணி அடித்தால் அதை அணைப்பதோடு சரி. அதன் பிறகுதான் எந்த எஞ்சின், தீயா, வெறும் நிற்றலா என்று பார்ப்பது. ஒருவர் கை வைப்பார், மற்றவர் பார்த்து "ஆமாம், அதுதான்" என்று சொல்ல வேண்டும், பிறகுதான் அணைக்க வேண்டும். அவசரத்தில் நிதானம் என்பதை எழுதிவைத்த சட்டம் இது.

அந்தச் சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தைபே விபத்து. 2015 பிப்ரவரி 4. தைவானின் ட்ரான்ஸ்ஏசியா விமானம், ஏடிஆர் 72. நம் ஊர்ச் சிறிய விமான நிலையங்களுக்கு வருகிறதே, பங்கா வைத்த விமானம், அந்த வகை. அதில் 58 பேர். கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வலது எஞ்சினின் பங்கா தானாகவே "ஃபெதர்" ஆகிவிட்டது.

ஃபெதர் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டாம், ஆரல்வாய்மொழி வழியாகப் போயிருந்தால் போதும். முப்பந்தல் பக்கம் நிற்கும் புதிய காற்றாலைகளைப் பாருங்கள். காற்று அளவு மீறினால் இறக்கை தன் அகலத்தைக் காட்டாமல் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொள்ளும், சுழற்சி நின்றுவிடும். செத்த எஞ்சினின் பங்கா காற்றை மறித்து இழுக்காமல் இருக்க விமானத்திலும் அதே ஏற்பாடு. அது தானாக நடக்கும். கூடவே நல்ல எஞ்சினின் சக்தியும் தானாகவே கூடும். தைபேயில் உண்மையில் எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் செத்துவிட்டது என்று தப்பாகச் சொன்னது ஒரு கருவி. அதற்குள் ஈயப் பற்றவைப்பு விட்டுப்போன ஒரு மின் இணைப்பு. நான் பழுது பார்த்தவன் என்பதால் அந்தப் பற்றவைப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். சூட்டில் ஒட்டும், அதிர்வில் விடும்.

அது மட்டும் என்றால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். இடது எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் பதற்றத்தில் அந்த இடது எஞ்சினின் திராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். பார்த்து உறுதி செய்வோம் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியும் கை முந்திவிட்டது. கடைசியில் நல்ல எஞ்சினை அணைத்தே விட்டார்கள். தவறான பக்கத்தை இழுத்துவிட்டேன் என்று அவர் உணர்ந்து சொன்னது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. அப்போது சில வினாடிகளே மிச்சம். ஒரு மேம்பாலத்தையும் அதில் போன டாக்ஸியையும் இறக்கையால் உரசிவிட்டு கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள், 15 பேர் பிழைத்தார்கள்.

இதே தவறு 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் ஊரிலும் நடந்தது. போயிங் 737-400. இடது எஞ்சினில் ஒரு பிளேடு உடைந்தது. அணைத்தது வலது எஞ்சினை. 47 பேர் இறந்தார்கள். இருபத்தாறு வருடம் கழித்தும் மனிதக் கை அதே இடத்தில் சறுக்கியிருக்கிறது. சும்மா கிடந்த கால் எது என்று யாராவது கேட்டிருந்தால் தைபேயில் கதை வேறாகியிருக்கலாம்.

எல்லாப் பழியையும் விமானி மேல் போட்டுவிட்டு எங்கள் கூட்டம் தப்பிக்க முடியாது. உங்களைப் போன்ற வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: 1976 அக்டோபர் 12, பம்பாயில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கரவல் விமானம். மலையாள நடிகை ராணி சந்திரா அதில்தான் போனார், தாயும் சகோதரிகளுமாக. வளைகுடாவில் கலை நிகழ்ச்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிவகுமாரோடு அவர் நடித்துக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தின் மிச்சக் காட்சிகளை வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தார்கள். இந்தப் பக்கம் மலையாளப் படமும் தமிழ்ப் படமும் ஒரே தியேட்டரில் மாறி மாறி ஓடிய காலம். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்துப் பெண்கள் அந்தச் செய்திக்கு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று நடந்தது வேறு வகை. எஞ்சின் சும்மா நிற்கவில்லை, வெடித்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரில் பத்தாவது வரிசைத் தட்டில் நாள்பட்ட களைப்பால் வந்த விரிசல். கிளம்பியதும் அந்தத் தட்டு சிதறி, எஞ்சின் கூட்டை உடைத்து, எரிபொருள் குழாயை அறுத்தது. தீ பிடித்தது. உடனே திரும்பினார்கள், ரன்வேயும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் விமானத்தின் சுக்கானையும் இறக்கைப் பலகைகளையும் அசைப்பது ஹைட்ராலிக் எண்ணெய்; தீ அதைத் தின்றுவிட்டது. எண்ணெய் தீர்ந்ததும் விமானியின் கையில் இருந்தது வெறும் தடி. ரன்வேயை எட்டும் முன் விழுந்து 95 பேரும் இறந்தார்கள். இன்னொரு எஞ்சின் கடைசி வரை வேலை செய்ததோ இல்லையோ, பிடித்து ஓட்ட ஒன்றும் மிச்சமில்லை. விமானத்தின் எண் 171. ஆமாம், அகமதாபாத்தில் விழுந்ததன் எண்ணும் 171தான். எண்ணில் ஒன்றும் கிடையாது அண்ணே, ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது ஒரு நொடி பேச்சு நிற்கும்.

பழுது பார்ப்பவனின் தூக்கத்தைக் கெடுக்கும் விபத்து என்றால் எனக்கு 1979 மே 25 சிகாகோ. டிசி-10, மூன்று எஞ்சின். ஓடிக் கிளம்பும் நேரத்தில் இடது எஞ்சின் தாங்கியோடு சேர்ந்து இறக்கையில் இருந்து பிய்ந்தே போய்விட்டது. எட்டு வாரம் முன்பு பராமரிப்புக் கூடத்தில் அந்த எஞ்சினை இறக்கி ஏற்றியிருந்தார்கள். முதலில் எஞ்சினை இறக்கு, பிறகு தாங்கியைக் கழற்று என்பது தயாரித்தவர் சொன்ன முறை. அதில் சுமார் 200 ஆள்-மணி மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டையும் ஒன்றாக ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட் நம் சந்தையில் மூட்டை தூக்கும் வண்டி மாதிரிதான். இம்மி கணக்கில் பொருத்த வேண்டியதை அதை வைத்து ஏற்றும்போது தாங்கியின் பின்பக்கத்தில் விரிசல் விட்டது. எட்டு வாரம் அந்த விரிசலோடு பறந்திருக்கிறது.

ஆனால் எஞ்சின் விழுந்ததாலேயே அது விழவில்லை, இதுதான் கவனிக்க வேண்டியது. மீதி இரண்டு எஞ்சினில் அது ஏறியிருக்கும். பிய்ந்தபோது ஹைட்ராலிக் குழாய்களும் அறுந்தன. மெதுவான வேகத்தில் தூக்கு விசை தருவதற்காக இறக்கையின் முன்விளிம்பில் நீட்டியிருக்கும் பலகைகள் இடது பக்கத்தில் மட்டும் உள்ளே போய்விட்டன. காக்பிட்டில் இருந்து இறக்கை தெரியாது. எச்சரிக்க வேண்டிய கருவிகளும் மின்சாரம் இழந்துவிட்டன. விமானிகள் புத்தகத்தில் இருந்தபடியே, கூடுதலாக இருந்த வேகத்தைக் குறைத்து வி-டூ ஆன 153 நாட் (விமான வேகத்தின் அளவு) வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலகை உள்ளே போன இடது இறக்கைக்கோ 159 நாட் வேகத்துக்குக் கீழே தூக்கு விசையே கிடையாது. விமானம் இடது பக்கம் கவிழ்ந்தது. அதில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் போனார்கள். புத்தகப்படி செய்ததால் விழுந்த விமானம் அது. பிறகு புத்தகத்தையே மாற்றினார்கள்: எஞ்சின் போகும்போது வி-டூவுக்கு மேல் வேகம் இருந்தால் அதைக் குறைக்காதே என்று. மிச்சம் பிடித்த 200 மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்கும்.

சரி, அகமதாபாத்துக்கு வருகிறேன், பிள்ளை பயந்தது அதைப் பார்த்துத்தானே. 2025 ஜூன் 12. போயிங் 787, லண்டனுக்கு. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்து தரையில் 19 பேர் இறந்தார்கள். விபத்துப் புலனாய்வு வாரியத்தின் முதற்கட்ட அறிக்கை சொல்வது இது: தரையை விட்டு எழுந்து சுமார் மூன்று வினாடியில், இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு வினாடி இடைவெளியில் நிறுத்தும் நிலைக்குப் போயின. ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்க, நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். பத்து வினாடி கழித்து ஒன்றையும், இன்னும் நான்கு வினாடியில் மற்றதையும் திரும்பப் போட்டார்கள். ஒரு எஞ்சின் மீண்டு எழவும் தொடங்கியது. எழுந்ததில் இருந்து முடிந்தது வரை முப்பத்திரண்டு வினாடி. ஜெட் எஞ்சின் மறுபடி பற்றி வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். அந்த உயரத்தில் நேரம் கிடையாது. சுவிட்சு ஏன் அந்த நிலைக்குப் போனது என்பதற்கு அந்த அறிக்கையில் விடை இல்லை. அதனால் டீக்கடையில் யாராவது இறந்துபோன விமானிகளில் ஒருவர் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த விமானத்தின் அடியில் ஒரு சின்னப் பங்கா இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு எஞ்சினும் போனால் காற்றிலேயே சுழன்று, விமானியின் கட்டுப்பாடுகள் அசையவும் முக்கியமான கருவிகள் ஓடவும் மட்டும் சக்தி தரும். முப்பந்தல் காற்றாலைக்குக் குட்டி போட்ட மாதிரி. அது விமானத்தைத் தூக்காது. திருப்ப, நிமிர்த்த மட்டும் உதவும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினையும் இழந்த ஏர்பஸ் ஏ320 ஹட்சன் ஆற்றில் இறங்கி 155 பேரும் பிழைத்தார்களே, அவர்களுக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரமும் மூன்றரை நிமிடமும் இருந்தன. அகமதாபாத்தில் இருந்தது அதில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை.

இரண்டு எஞ்சினும் ஒன்றாக நிற்பது மிக அரிது. ஏன் என்று கேட்பீர்கள். உங்களுக்கே தெரியும்: மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டு அவுட்போர்டும் சேர்ந்துதான் நிற்கும். எஞ்சின் இரண்டானாலும் கேன் ஒன்று. பொதுவாக இருக்கும் எதுவுமே ஆபத்து. அதனால்தான் விமானத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித் தொட்டி, தனிப் பம்பு. நீண்ட கடல் தாண்டும் விமானங்களில், ஒரே ஆள் ஒரே வேலையை இரண்டு எஞ்சினிலும் செய்யக் கூடாது என்று பராமரிப்பில் விதி. அவன் கை தவறியிருந்தால் தவறு ஒரு எஞ்சினோடு நிற்கட்டும் என்று. இரவு ஷிப்டில் ஆள் பற்றாக்குறை என்று இந்த விதியைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

நம் திருவனந்தபுரத்தில் இருந்து கிளம்பிய விமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது பிள்ளை காதில் போடுவார்கள். 2016 ஆகஸ்ட் 3, துபாயில் இறங்கிய எமிரேட்ஸ் போயிங் 777. அதில் இரண்டு எஞ்சினும் பத்தரைமாற்று. ரன்வேயைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறப் பார்த்தார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அதற்கான பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கேட்காது. கையால் திராட்டிலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்பது தெரியும்போது நேரம் கடந்துவிட்டது. 85 அடி எழுந்து வயிறு தரையில் பட விழுந்தது. 300 பேரும் பிழைத்தார்கள், தீயணைக்க வந்த ஒருவர் இறந்தார். அந்த விமானத்தில் நம் மாவட்டத்து ஆட்களும் உண்டு. தீப்பிடித்த விமானத்தில் மேலே இருந்த பையை எடுக்க நின்றவர்களை வீடியோவில் பார்த்தோம். சுமார் ஒன்பது நிமிடத்தில் நடுத்தொட்டி வெடித்தது. பாஸ்போர்ட் பையில் இருக்கிறது, அதை விட்டால் வேலை போயிற்று என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆகவே பாஸ்போர்ட்டையும் போனையும் உடம்போடு ஒட்டிய சின்னப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே வைத்த பையை மறந்துவிடச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் அவசர வழி எத்தனை வரிசை தள்ளி என்று முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளட்டும். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கை தெரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

கிளம்பிய விமானம் திரும்பி வந்தால், மேலே வட்டமடித்தால், அதுவும் பயத்துக்குரியதல்ல. 2024 அக்டோபரில் திருச்சியில் இருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்ததை ஊரே டிவியில் பார்த்தது. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி இல்லை. எடை குறைய எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அன்று பத்திரமாக இறங்கியது.

கடைசியாக ஒன்று, முதல் தடவை போகிறவர்களுக்கு யாரும் சொல்லாதது. ரன்வேயை விட்டு எழுந்ததும் காலடியில் டொக்கென்று ஒரு சத்தம் வரும், அது சக்கரம் உள்ளே போவது. பிறகு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடியில் எஞ்சின் இரைச்சல் திடீரென்று இறங்கும். வயிற்றைக் கீழே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும், விமானமே அமுங்குவது போலத் தோன்றும். எஞ்சின் நின்றுவிட்டது என்று முதல் தடவைக்காரர்கள் பக்கத்து சீட்டைப் பிடிப்பது அப்போதுதான். எழுவதற்குக் கொடுத்த சக்தியை ஏறுவதற்குப் போதுமான அளவுக்கு விமானிதான் குறைக்கிறார். கரையை விட்டு அலை தாண்டும் வரை முழு விசை கொடுத்துவிட்டு, ஆழத்துக்கு வந்ததும் நீங்கள் கையைத் தளர்த்துவீர்களே, அதேதான். "அப்பா அலை தாண்டியாச்சுன்னு நினைச்சுக்க மக்களே" என்று சொல்லி அனுப்புங்கள். அவளுக்கு அது உடனே புரியும்.